இரண்டாம் பாதித் துடிப்பு

மார்பில் பட்டை கட்டிக்கொண்டு ஓடுகிறேன் என்று சொன்னால் அலுவலகத்தில் சிரிக்கிறார்கள். "ஈசிஜி எடுத்துக்கிட்டே ஓடுதியளாக்கா?" என்று கேட்கிறாள் பக்கத்து மேசைக்காரி. கிட்டத்தட்ட அதுதான். பட்டை இதயத்துடிப்பை எண்ணும், கையில் கட்டிய கடிகாரம் அதைக் காட்டும். பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் உட்கார்ந்து சான்றிதழ்களுக்கு முத்திரை குத்துகிற, ஐம்பதை நெருங்குகிற பொம்பளைக்கு இதெல்லாம் தேவையா என்றால், தேவையில்லைதான். ஆனால் நான் ஓட ஆரம்பித்தது நல்ல காரணத்துக்கு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். பின்னால் வருவதெல்லாம் அவ்வளவு நல்லதாக இருக்காது.

என் வீட்டுக்காரர் கணக்கு வாத்தியார். சில வருஷங்களுக்கு முன்னால் வகுப்பில் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோதே பக்கவாதம் வந்து விழுந்தார். வலது பக்கம் போய்விட்டது. பேச்சு கொஞ்ச காலம் குழறிவிட்டுத் திரும்பி வந்தது. கணக்கு மட்டும் போகவே இல்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்துகொண்டு சலைன் பாட்டில் எப்போது தீரும் என்று சொட்டை எண்ணிச் சொன்ன மனுஷன் அவர். எங்களுக்குப் பிள்ளைகள் கிடையாது. நான் வேலைக்குப் போகிற நேரம் ஓர் அம்மா வந்து பார்த்துக்கொள்வார். மற்ற நேரமெல்லாம் அவரைத் தூக்க, திருப்ப, துடைக்க நான் ஒருத்திதான்.

ஒரு தடவை அவருக்கு மருந்து எழுதி வாங்கப் போன இடத்தில் டாக்டர் என் ரத்தத்தையும் எடுத்துப் பார்த்துவிட்டார். சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்றார். "நீங்களும் படுத்துட்டா அவரை யாரும்மா பாக்கது? நடங்க, ஓடுங்க, ஏதாவது செய்யுங்க." அப்படி ஆரம்பித்தது. அவருக்காக ஓடுகிறேன் என்றுதான் ஊரெல்லாம் சொன்னேன். ஆலயத்தில் சாட்சி சொல்லாத குறை.

ஒரு ஆறு மாதத்தில் அது பொய்யாகிப் போனது. விடியும்போது பாளையங்கால்வாய்க் கரைச் சாலையில் அவ்வளவாக ஆள் இருக்காது. ஒரு பக்கம் வயல், ஒரு பக்கம் தண்ணீர். அந்த ஒரு மணி நேரத்தில் யாரும் என்னைக் கூப்பிட மாட்டார்கள், எதையும் எடுத்துக் கொடுக்கச் சொல்ல மாட்டார்கள், என் கையில் டெட்டால் வாசனை இருக்காது. எனக்கு அது பிடித்துப்போனது. பிடித்துப்போனது என்று சொன்னால் போதாது. முந்தின நாள் சாயங்காலமே அடுத்த நாள் காலையை நினைத்துக்கொண்டு சோறு வடிப்பேன்.

நான் சேர்ந்திருந்த ஓட்டக் குழுவில் ஒரு பல் டாக்டர் இருக்கிறார், தம்பி வயசு. நான் ஓடுவதைப் பார்த்துவிட்டு, "அக்கா, நாய் தொரத்துத மாதிரியே தினமும் ஓடுதியளே. அஸ்திவாரம் போடாம மாடி கட்டுதிய" என்றார். நெடுந்தூரம் ஓட வேண்டுமென்றால் மூச்சு வாங்காத வேகத்தில்தான் மாதக்கணக்காக ஓட வேண்டுமாம். அந்த வேகம் ஒவ்வொருத்தருக்கும் வேறு. அதைக் கண்டுபிடிக்க அவர் சொன்னதுதான் இந்தத் துடிப்பு ஏற்றச் சோதனை.

சோதனை ரொம்ப எளிது. கொஞ்ச நேரம் பைய ஓடி உடம்பைச் சூடாக்கிக்கொள்ள வேண்டும். பிறகு ஒரு மணி நேரம், மேடு பள்ளம் இல்லாத சாலையில், ஒரே வேகத்தில் ஓட வேண்டும். முதல் அரைமணியின் சராசரித் துடிப்பு எவ்வளவு, அடுத்த அரைமணியின் சராசரி எவ்வளவு என்று பார்க்க வேண்டும். கால் ஒரே வேகத்தில்தான் போகும். ஆனால் அந்த வேகம் உடம்புக்குத் தாங்காதது என்றால் இதயம் போகப் போக ஏறிக்கொண்டே இருக்கும். ஏற்றம் நூற்றுக்கு ஐந்துக்குள் நின்றால் அந்த வேகம் நமக்குச் சரி. தாண்டினால் வேகத்தைக் குறைத்து, சில வாரம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும். ஒரே நிபந்தனை, நடுவில் நிற்கக் கூடாது. வழியில் யாரிடமும் பேசக் கூடாது, போன் வந்தால் எடுக்கக் கூடாது. நின்றால் கணக்கு கெட்டுவிடும்.

வந்து வீட்டுக்காரரிடம் இதைச் சொன்னேன். ரொம்ப நாளைக்குப் பிறகு அவர் முகம் மலர்ந்தது. "நல்ல சோதனைளா இது. எல்லாத்தையும் மாத்தாம வச்சிக்கிட்டு ஒண்ண மட்டும் பாக்கது" என்றார். கணக்குப் போடுவது தன் வேலை என்றும் சொல்லிவிட்டார். போனில் ஒரு தட்டுத் தட்டினால் வந்துவிடுகிற விடைதான். நான் வாயை மூடிக்கொண்டேன். அந்த வீட்டில் அவர் எனக்காகச் செய்யக்கூடிய வேலை என்று வேறொன்றும் மிச்சமில்லை.

முதல் சோதனை முடிந்து வியர்வையோடு கட்டில் பக்கத்தில் நின்றேன்.

"மொத பாதி நூத்தி முப்பத்திநாலு. ரெண்டாம் பாதி நூத்தி நாப்பத்தாறு."

கண்ணை மூடித் திறந்தார். "ஒம்போதுக்குத் துளி கம்மி. ஃபெயிலு." பரீட்சைத் தாள் திருத்துகிற காலத்தில் இருந்த அதே குரல். ரெண்டு பேரும் சிரித்தோம். பக்கவாதம் வந்த பிறகு அந்த வீட்டில் ரெண்டு பேரும் சேர்ந்து சிரித்தது அபூர்வம் என்பதால் அந்தக் காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

வேகத்தைக் குறைத்துக்கொண்டு மறுபடி சோதனைக்குப் போன நாளில்தான் அந்தக் காரியம் நடந்தது. திரும்பி வந்தபோது படுக்கை நனைந்திருந்தது. அவர் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பி வைத்திருந்தார். போன் அவருடைய இடது கைக்குப் பக்கத்திலேயே கிடந்தது.

"கூப்பிட்டிருக்கலாம்லா? ஓடி வந்திருப்பேனே."

"பரீட்ச நடக்கும்போது மணி அடிக்கக் கூடாது" என்றார்.

விளையாட்டாகச் சொல்வதுபோலத்தான் சொன்னார். ஆனால் அவரைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், அதில் விளையாட்டே கிடையாது. அவர் தேர்வு அறையில் கண்காணிப்புக்கு நின்றால் தலைமை ஆசிரியரே வாசலில் நின்று கண்ணால்தான் பேச வேண்டும். எங்கள் ஊரில் பாதி வீடுகள் வாத்தியார் வீடுகள். பரீட்சை எழுதுகிற பிள்ளை இருக்கிற வீட்டில் மிக்சி ஓடாது, தாளிக்கிற சத்தம்கூடக் கேட்காது. அந்த மரியாதையைத்தான் அவர் என் ஓட்டத்துக்குக் கொடுத்தார். யாரும் கேட்காத மரியாதை. அதைக் கொடுப்பதற்கு ஈரத்தில் கிடக்க வேண்டியிருந்தது. நான் துணியை உருவி, அவரைத் துடைத்து, பவுடர் போட்டு, மாற்றிப் படுக்க வைத்தேன்.  அப்புறம் அவர்தான் கேட்டார், "நம்பரச் சொல்லு."

சொன்னேன். எட்டுக்கு மேல் இருந்தது. ஃபெயில்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சோதனைக்கு முன்னாலும் தயவுசெய்து கூப்பிடுங்கள் என்று கெஞ்சினேன். சரி சரி என்பார். கூப்பிட மாட்டார். சாயங்காலமே தண்ணீர் குடிப்பதை நிறுத்திக்கொள்கிறார் என்பதையும் கண்டுபிடித்தேன். தம்ளர் நிறைய வைத்த தண்ணீர் காலையில் அப்படியே இருக்கும். சோதனையே வேண்டாம் என்று விட்டிருக்கலாம். ஓட்டத்தையே விட்டிருக்கலாம். விடவில்லை. அவர் சந்தோஷமாகக் கணக்குப் போடுகிறாரே, அதைக் கெடுப்பானேன் என்று எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். நல்ல சமாதானம். அதைச் சொல்லிக்கொண்டுதான் பட்டையைக் கட்டினேன்.

ஏற்றம் மட்டும் இறங்குவதாக இல்லை. வேகத்தைக் குறைத்தேன், இன்னும் குறைத்தேன். கடைசியில், நடக்க வந்த ரிட்டயர்டு அண்ணாச்சிமார்கள் என்னைத் தாண்டிப் போகிற அளவுக்கு வந்துவிட்டது. நான் திரும்புகிற மதகுப் பக்கம் டீக்கடை வைத்திருப்பவர், "எக்கா, உக்காந்து ஒரு டீ குடிச்சிட்டே ஓடலாம் போலுக்கே" என்றார். சிரித்துக்கொண்டே ஓடினேன். உள்ளுக்குள் எரிச்சல். பல் டாக்டர் தூக்கம் போதவில்லை என்றார், வெயில் ஏறுகிறது என்றார், தண்ணீர் குடிங்க என்றார். எல்லாம் செய்தேன்.

கடிகாரம் வரைகிற கோட்டைப் பார்த்தால் ஒன்று மட்டும் மாறாமல் இருந்தது. போகும் வழியெல்லாம் கோடு படுத்துக் கிடக்கும். மதகில் திரும்பி வீட்டைப் பார்த்து ஓட ஆரம்பித்ததும் எழுந்திருக்கும். அவருக்கு விழிப்பு வருகிற நேரமும் அதுதான். இப்போது நெளிகிறாரோ, அடக்கிக்கொண்டு கிடக்கிறாரோ, விழுந்து கிழுந்து வைத்தாரோ என்று மனசு ஓட ஆரம்பிக்கும். கால் அதே வேகத்தில்தான் போகும். இதை நான் பல் டாக்டரிடமும் சொல்லவில்லை, வீட்டுக்காரரிடமும் சொல்லவில்லை. வெயில்தான் என்று சொல்லிவிட்டேன்.

இப்படி இருக்கும்போது முக்கூடலிலிருந்து மைனி வந்தார். என் வீட்டுக்காரரின் அக்கா. வாழைத்தோட்டமும் பெரிய வீடும் உள்ளவர், மகன்கள் ரெண்டு பேரும் கூடவே இருக்கிறார்கள். தம்பியைப் பார்த்ததும் அழுதுவிட்டு, என்னைப் பார்த்து இன்னொரு தடவை அழுதார். "ஏளா, கண்ணெல்லாம் குழி விழுந்து கெடக்கே ஒனக்கு. எங்க ஊர்ல வைத்தியர் ஒருத்தரு எண்ணெ போட்டு நீவி விடுதாரு. கொஞ்ச நாளு நான் கூட்டிட்டுப் போறேன். நீயும் கொஞ்சம் நிமிந்துக்க."

அவர் வர மாட்டேன் என்றார். நானும் வேண்டாம் மைனி என்றேன். மூன்றாவது தடவை வேண்டாம் என்று சொல்லும்போது என் குரலில் பலம் இல்லை. அவருக்குக் காது நன்றாகக் கேட்கும். "சரிக்கா, போவோம்" என்றார் உடனே.

மைனியின் மகன்கள் காரில் தூக்கி உட்கார வைத்தார்கள். ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் பூவைத் தூக்குவதுபோலத் தூக்கினார்கள். நான் தூக்கினால் அவர் முனகுவார். கார் தெருமுனையில் திரும்பும் வரை நின்று கையை ஆட்டினேன். உள்ளே வந்து கதவைச் சாத்தினேன். அப்புறம் ஹாலில், வெறும் தரையில், கையைக் காலை நீட்டிப் படுத்துக்கொண்டேன். அழுகை வரும் என்றுதான் படுத்தேன். தூக்கம் வந்தது.

அந்த நாட்களைப் பற்றி எழுதக் கூச்சமாக இருக்கிறது. ரெண்டு வாழைப்பழமும் ரொட்டியும் தின்றுவிட்டு அடுப்பே மூட்டாமல் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் எல்லோரும் அவரைக் கேட்டார்கள், "வீடே வெறிச்சோடிக் கெடக்கும்லா" என்று பரிதாபப்பட்டார்கள். ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வெறிச்சோடிய வீட்டுக்கு வேகமாக நடந்தேன். சந்தோஷமாக இருந்தேன். அந்தச் சந்தோஷத்தைக் கண்டால் எனக்கே பிடிக்கவில்லை, ஆனாலும் இருந்தேன்.

ரெண்டாவது வாரம் சோதனை ஓடினேன். அதே சாலை, அதே வேகம். அன்றைக்குக் காற்றே இல்லை, முந்தின தடவையைவிடப் புழுக்கம். மதகில் திரும்பினேன். டீக்கடைக்காரர் கையை ஆட்டினார். கொக்குகள் வயலில் நின்றன. அவற்றை அன்றைக்குத்தான் பார்த்தேன். திரும்பி வரும் வழியில் இதற்கு முன்னால் நான் எதையுமே பார்த்ததில்லை.

வீட்டு வாசலில் நின்றுகொண்டே கடிகாரத்தைப் பார்த்தேன். எண்ணைப் பார்த்ததும் அவருக்குத்தான் போன் போட்டேன். யோசிக்கவே இல்லை. யோசித்திருந்தால் போட்டிருக்க மாட்டேன். கணக்கு அவருடைய வேலை என்கிற பழக்கம், அவ்வளவுதான்.

"மொத பாதி நூத்தி முப்பத்தொண்ணு. ரெண்டாம் பாதி நூத்தி முப்பத்திநாலு!" கத்தினேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

"ரெண்டே கால்கிட்ட வருது" என்றார். "பாஸு. ஏ, நல்ல பாஸுல்லா இது." அவர் குரலிலும் குதூகலம். பிறகு வாத்தியார் கேட்டார், "என்ன மாத்துன?"

"ஒண்ணும் மாத்தலயே."

"வேகம்?"

"அதேதான்."

"ரோடு?"

"அதே ரோடுதான்."

"வெயிலு கம்மியோ?"

"இல்ல, புழுக்கம் சாஸ்தி..." என்று ஆரம்பித்துவிட்டு நிறுத்தினேன். அவர் எங்கே போகிறார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவருக்கும் அப்போதுதான் புரிந்திருக்க வேண்டும். ஏனென்றால் அடுத்த கேள்வி வரவில்லை. 

"அப்போ மாறுனது ஒண்ணுதான்" என்றார். கோபமில்லை. கரும்பலகையில் கடைசி வரியை எழுதிவிட்டு அடிக்கோடு போடுகிற குரல்.

இல்லவே இல்லை என்று அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். தூங்கினேன், அதனால்தான் என்று சொல்லியிருக்கலாம். பட்டை சரியாக ஒட்டவில்லை என்று புளுகியிருக்கலாம். நான் கேட்டது, "காலைல மாத்திர போட்டியளா?"

"போட்டாச்சு" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனைக்குப் போகாமல் முக்கூடல் பஸ்ஸில் ஏறினேன். வழியெல்லாம் என்ன சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். ஓட்டத்தை விட்டுவிட்டேன், வாங்க வீட்டுக்குப் போவோம். இதுதான் நான் தயார் செய்துகொண்டுபோன வசனம். அதைச் சொன்னதும் அவர் வேண்டாம்ளா ஓடு என்பார், ரெண்டு பேரும் அழுவோம், எல்லாம் சரியாகிவிடும் என்று அதன் முடிவு வரைக்கும் நானே பார்த்துவிட்டேன்.

மைனி வீட்டில் அவரை ஜன்னலோரம் சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். முகச்சவரம் செய்து, எண்ணெய் பளபளக்க, வெள்ளை வேட்டியில் இருந்தார். மைனி காப்பி போட உள்ளே போனதும் நான் வாயைத் திறந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"நான் இல்லாம சொகமா இருந்திச்சாளா?"

ஒத்திகை எல்லாம் மறந்துபோனது. "இருந்திச்சு" என்றேன். அப்புறம்தான் அழுதேன்.

இடது கையால் என் தலையைத் தொட்டார். "இதுக்கு எதுக்கு அழுத? எனக்கும் இங்கன நல்லா தூக்கம் வருது. பயலுவ ரெண்டு பேரும் நல்லா தூக்குதானுவ. நீ வாற நேரத்தப் பாத்துக்கிட்டு அடக்கிக்கிட்டுக் கெடக்க வேண்டாம். எனக்கும் சொகமாத்தான் இருக்கு."

எனக்குச் சுருக்கென்றது. நான் இல்லாமல் இவருக்கு எப்படிச் சுகமாக இருக்கலாம் என்று ஒரு நொடி கோபம்கூட வந்தது. என் சுகத்துக்கு மன்னிப்புக் கேட்க வந்தவள், அவர் சுகத்தைப் பொறுக்கவில்லை. இப்படியும் ஒரு ஜென்மம்.

"எப்போ வாறிய?" என்று கேட்டேன்.

"நீ வான்னு சொல்லு. அன்னைக்கே வந்திருதேன்."

மைனி காப்பியோடு வந்தார். பேச்சு வாழைத்தார் பக்கம் போய்விட்டது. சாயங்கால பஸ்ஸில் நான் தனியாகத் திரும்பினேன்.

அதற்குப் பிறகு நாலு மாதம் ஆகிறது. சனிக்கிழமைதோறும் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். தினமும் போன் பேசுகிறேன். சாப்பிட்டீர்களா, மாத்திரை போட்டீர்களா, வைத்தியர் வந்தாரா, எல்லாம் கேட்கிறேன். எண்களைச் சொல்கிறேன், அவர் கணக்குப் போடுகிறார். ஏற்றம் இப்போது ஐந்தைத் தொடுவதே இல்லை, வேகத்தைக்கூடக் கூட்டிவிட்டேன். தூத்துக்குடிப் பக்கம் ஓர் அரை மாரத்தானுக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். வா என்ற சொல்லை மட்டும் நான் இன்னும் சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும் போனை வைக்கும் முன்னால் ஒரு சின்ன இடைவெளி விடுகிறார். நான் சரி வச்சிருதேன் என்கிறேன்.

அவர்தான் சொன்னாரே, நல்ல தூக்கம் வருகிறதென்று. அதைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறேன். அவர் உண்மையாகச் சொன்னாரா, எனக்காகச் சொன்னாரா என்று தெரியாது. மைனிக்குத் தெரியும். அவர் கட்டிலுக்குப் பக்கத்தில்தான் மைனி பாய் விரித்துப் படுக்கிறார். உங்க தம்பி ராத்திரி தூங்குகிறாரா மைனி என்று ஒரு வார்த்தை கேட்டால், உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவார். சனிக்கிழமைதோறும் மைனி பக்கத்தில் உட்கார்ந்து மீன் ஆய்ந்து கொடுக்கிறேன், ஊர்க் கதையெல்லாம் பேசுகிறோம். அதை மட்டும் நான் கேட்பதில்லை.